பயிரைப் பிடுங்குவது பகுத்தறிவாகுமா?



இன்று எனக்குப் பேசக் கொடுத்திருக்கும் விஷயம் மரபணு மாற்றுப் பயிரும், அதை எதிர்த்துப் பல தேசங்களில் நடந்த அஹிம்சைக் கிளர்ச்சியும் என்பதாகும். இது பட்டம் பெற்ற பண்டிதர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, கழனியில் உழைக்கிறவனுக்கும் கடைத்தெருவில் நிற்கிறவனுக்கும் இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நானும் காலேஜில் படித்தவனல்ல. கைக்குக் கிடைத்த புத்தகத்தையும் பத்திரிகையையும் படித்து, விளங்காததைத் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்து கொண்டவன்தான். ஆனால் விதைக்குப் பணம் கொடுப்பவர்கள் நாம். விளைந்ததைத் தின்பவர்கள் நாம். விளையாவிட்டால் கடன்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாம். அப்படியிருக்க, கேள்வி கேட்கிற பாத்தியதை மாத்திரம் நமக்கு எப்படி இல்லாமல் போகும்?

இந்த விஷயத்தில் இரண்டு கூட்டத்தார் இருக்கிறார்கள். ஒரு கூட்டத்தார், "இது இயற்கைக்கு விரோதம், ஆண்டவன் படைப்பில் கை வைப்பது, ஆகவே பிடுங்கி எறி" என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார், "விஞ்ஞானி சொல்லிவிட்டான், சர்க்கார் முத்திரை போட்டுவிட்டது, ஆகவே வாயை மூடு" என்கிறார்கள். பார்வைக்கு இவ்விரண்டும் நேர் எதிரானவைபோல் தோன்றும். ஆனால் கூர்ந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எப்படியென்றால், இருவருமே நம்மைக் கேள்வி கேட்காதே என்கிறார்கள். ஒருவர் கடவுளைக் காட்டி மிரட்டுகிறார்; மற்றவர் பட்டத்தைக் காட்டி மிரட்டுகிறார். நமக்கு இரண்டும் வேண்டியதில்லை.

முதலில் அந்தச் சரக்கு என்னவென்று பார்ப்போம். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் இருக்கிறது. அது உண்டாக்கும் ஒருவகைப் புரதம் பருத்திக் காய்ப்புழுவின் வயிற்றுக்குள் போனால் புழு செத்துப்போகும். அந்தப் புரதத்தை உண்டாக்குகிற மரபணுவை எடுத்துப் பருத்திச் செடிக்குள் புகுத்திவிட்டார்கள். இனி செடியே தனக்கு வேண்டிய மருந்தைத் தானே செய்துகொள்ளும். இதுதான் பி.டி. பருத்தி. இன்னொரு வகை, களைக்கொல்லி மருந்தைத் தாங்குகிற பயிர். வயல் முழுவதும் மருந்தடித்தால் களை சாகும், பயிர் சாகாது. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

இது இயற்கைக்கு விரோதம் என்பவர்களைக் கேட்கிறேன்: நீங்கள் தினம் உண்ணும் சோறு இயற்கையா? காட்டு நெல் முற்றினதும் மணி உதிர்ந்து தரையில் கொட்டிப் போகும். உதிராத கதிராகப் பார்த்துப் பார்த்து எடுத்து விதைத்து, பல்லாயிரம் வருஷத்தில் இந்த நெல்லை உண்டாக்கினவன் மனிதன். நீங்கள் உரித்துத் தின்கிற வாழைப்பழத்தில் விதை எங்கே? விதையில்லாத பழத்தை மனிதன் தேடி எடுத்துக் கன்று வைத்தே காப்பாற்றி வருகிறான். 1966-ம் வருஷத்தில் வெளிவந்த ஐ.ஆர். 8 நெல், இந்தோனேசியாவின் நெட்டை நெல்லையும் தைவான் தீவின் குட்டை நெல்லையும் மனிதன் கலந்து உண்டாக்கியது. இவைகளை எல்லாம் தின்று உடம்பை வளர்த்துக்கொண்டு இப்போது மாத்திரம் இயற்கை என்று கூச்சல் போடுவதில் அர்த்தமென்ன?

1998-ம் வருஷம் ஜூன் மாதத்தில், அப்போது இங்கிலாந்தின் இளவரசராயிருந்து இப்போது அரசராயிருக்கும் சார்லஸ் அவர்கள், இம்மாதிரி வேலை கடவுளுக்கு மாத்திரமே உரிய எல்லைக்குள் மனிதன் காலெடுத்து வைப்பதாகும் என்று லண்டன் தினசரி ஒன்றில் எழுதினார். அம்மைக்கு ஊசி போட ஆரம்பித்த காலத்திலும் இதே வாதத்தைத்தான் சொன்னார்கள். எல்லையைக் கடவுள் வந்து அளந்து கல் நட்டு வைத்திருப்பதாக யாரும் காட்டவில்லை. ஆகவே இந்த வாதத்தை இத்துடன் மூட்டை கட்டி வைத்துவிடலாம்.

சரி, தின்றால் கெடுதி உண்டா என்றால், 2016-ம் வருஷத்தில் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகங்கள் பெரிய விசாரணை செய்து ஒரு அறிக்கை வெளியிட்டன. அனுமதிக்கப்பட்ட மரபணு மாற்றுப் பயிர்களைத் தின்பதால், மற்றப் பயிர்களைத் தின்பதைவிட அதிகக் கெடுதி உண்டு என்பதற்கு ருசு கிடைக்கவில்லை என்று அதில் கண்டிருக்கிறது. பயப்படுத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆனால் அதே அறிக்கையில், இந்தப் பயிர்கள் வந்ததால் அமெரிக்காவில் விளைச்சல் முன்னைவிட வேகமாக உயர்ந்ததற்கும் ருசு கிடைக்கவில்லை என்று கண்டிருக்கிறது. உலகப் பஞ்சத்தைத் தீர்க்க வந்த அமிர்தம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஒரே அறிக்கையில் தனக்கு வேண்டிய பாதியை ஆளுக்கு ஒருவராகக் கிழித்து எடுத்துக் கொள்கிறார்கள்.

அப்படியானால் விவசாயிகள் பயிரைப் பிடுங்கினதெல்லாம் வெறும் மூடத்தனம்தானா என்று கேட்பீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. நம் பக்கத்து ராஜ்யத்தில் நடந்ததையே பாருங்கள்.

1998-ம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியில் கர்நாடகத்தில், ரெய்ச்சூர் ஜில்லாவிலும் பிறகு பெல்லாரி ஜில்லாவிலும், பேராசிரியர் நஞ்சுண்டசாமி தலைமையிலிருந்த கர்நாடக ராஜ்ய ரயத்து சங்கத்தார் சோதனைக்காகப் பயிரிட்டிருந்த பி.டி. பருத்தியைப் பிடுங்கி நெருப்பு வைத்தார்கள். மான்சாண்டோ கம்பெனிக்குத் தகனம் என்றே அந்தக் கிளர்ச்சிக்குப் பெயர் வைத்தார்கள். அவர்கள் செய்த முறையைக் கவனியுங்கள். இன்ன காரியம் செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே பகிரங்கமாக அறிவித்தார்கள். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். வயலுக்குச் சொந்தக்கார விவசாயியின் நஷ்டத்தைத் தாங்களே கொடுப்பதாகச் சொன்னார்கள். எந்த மனிதன்மேலும் கை வைப்பதில்லை என்று விரதம் பூண்டார்கள்.

அவர்கள் கோபத்துக்குக் காரணம் என்ன? சோதனை எந்தெந்த ஊரில் நடக்கிறது என்பது அந்தந்த ஊராருக்கே தெரியாது. விதை கொடுத்தவர்கள் இது இன்ன விதை என்று நிலக்காரனிடம்கூடச் சொல்லவில்லை என்பது சங்கத்தாரின் புகார். இது நியாயமான கோபமா, இல்லையா? என் வயலில் என்ன முளைக்கிறதென்று எனக்கே சொல்லாமல் என்னை வைத்துச் சோதனை செய்தால், அந்த இடத்தில் நான் விவசாயியா, அல்லது சோதனைக் கூண்டில் அடைத்த எலியா? சோதனை எவ்வளவு நல்லதாயிருந்தாலும் அதை மறைத்துச் செய்கிறவன் மனிதனின் சுயமரியாதையில் கை வைக்கிறான்.

நிற்க, அந்தக் கிளர்ச்சியில் ஒரு பொய்யும் கலந்து உலவிற்று. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே 1998-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவில் ஒரு பருத்தி விதைக் கம்பெனியும் அந்நாட்டு விவசாய இலாகாவும் சேர்ந்து, விளைந்த விதை மறுபடி முளைக்காதபடி செய்கிற ஒரு தந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கின. மலட்டு விதை என்று அதற்குப் பெயர் பரவிற்று. கர்நாடகத்தில் பயிராகி நிற்பது அந்த மலட்டு விதைதான் என்று ஊரெல்லாம் வதந்தி கிளம்பிற்று. ஆனால் அங்கு நின்றது அதுவல்ல. அந்த மலட்டு விதை இன்றுவரை உலகத்தில் எந்தச் சந்தைக்கும் வரவேயில்லை. நியாயமான வழக்குக்குப் பொய்ச் சாட்சி எதற்கு? பிறகு பொய் வெளியாகும்போது நியாயமும் அதோடு சேர்ந்து கெட்டுப்போகும்.

கம்பெனிக்காரர் பேரில் சந்தேகப்பட்டது வீண் சந்தேகம் என்றும் சொல்ல முடியாது. 2002-ம் வருஷத்தில் நம் தேசத்தில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. 450 கிராம் விதைப் பொட்டலத்தை 1,600 ரூபாய்க்கு மேல் விற்றார்கள். அதில் 1,250 ரூபாய் மரபணுவுக்கென்று வாங்கிய கூலி. 2006-ல் ஆந்திர சர்க்கார் ஏகபோக வியாபாரத்தை விசாரிக்கும் கமிஷன் முன் வழக்காடியபிறகுதான் விலை 750 ரூபாய்க்கு இறங்கிற்று. செடியிலுள்ள மருந்துக்கு இனிப் புழு பிழைக்காது என்றார்கள். 2010-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் மான்சாண்டோ கம்பெனியே, குஜராத்தில் சில ஜில்லாக்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் ரகப் பி.டி. பருத்தியைத் தின்றும் பிழைத்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. புழுவுக்குப் படிப்பு இல்லாவிட்டாலும் அது தலைமுறைக்குத் தலைமுறை தேறிக்கொண்டுதான் வருகிறது.

இப்போது இதே கதையின் மறுபுறத்தைப் பாருங்கள். 2001-ம் வருஷத்தில் குஜராத்தில் சர்க்கார் அனுமதியில்லாத பி.டி. பருத்தி ஆயிரக்கணக்கான ஏக்கரில் பயிராகியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வருஷம் புழு மிகுதி. மற்றப் பருத்தியெல்லாம் புழு அரித்து நிற்க, இது பச்சையாய் நின்றது. அதைக் கொளுத்தும்படி டில்லியிலிருந்து உத்தரவு வந்தது. விவசாயிகள் கொளுத்த விடமாட்டோம் என்று மறித்தார்கள். அதற்குப் பின் 2019-ம் வருஷம் ஜூன் மாதத்தில் மகாராஷ்டிரத்தில் அகோலா ஜில்லாவில், ஷேத்காரி சங்கடன் என்னும் விவசாய சங்கத்தார் நூற்றுக்கணக்கில் ஓரிடத்தில் கூடி, தடை செய்யப்பட்ட களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதையைப் பட்டப்பகலில், போலீசுக்குத் தெரிய, பகிரங்கமாக விதைத்தார்கள். அப்போதிருந்த சட்டப்படி அதற்கு 5 வருஷம் சிறையும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க இடமிருந்தது. தெரிந்தேதான் விதைத்தார்கள். அதற்கு அவர்களும் சத்தியாக்கிரகம் என்றே பெயர் வைத்தார்கள்.

தோழர்களே! இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். ரெய்ச்சூரில் பிடுங்கினவனும் விவசாயி. அகோலாவில் விதைத்தவனும் விவசாயி. இருவரும் பகிரங்கமாகச் செய்தார்கள். இருவரும் யாரையும் அடிக்கவில்லை. இருவரும் ஜெயிலுக்குத் தயாராயிருந்தார்கள். ஒருவன் பிடுங்குகிறதை ஒருவன் விதைக்கிறான். இதில் எது உண்மை? கஷ்டத்தை அனுபவிக்கத் துணிந்தவன் கட்சிதான் உண்மை என்றால் இரண்டுமே உண்மையாக வேண்டும். அது நடக்கிற காரியமா?

ஆகவே ஒருவன் சிறைக்குப் போகத் துணிவது அவன் யோக்கியன் என்பதற்கு ருசுவாகலாமே ஒழிய, அவன் சொல்வது சரி என்பதற்கு ருசு ஆகாது. தலையில் தேங்காய் உடைத்துக் கொள்கிறவனும் தீ மிதிக்கிறவனும்கூட வலியைத் தாங்கத்தான் செய்கிறார்கள். வலியைத் தாங்கினதால் அவர்கள் நம்புவது மெய்யாகிவிடுமா? கிளர்ச்சி செய்வது ஜனங்களைத் திரும்பிப் பார்க்கச் செய்வதற்கு. மெய்யைக் கண்டுபிடிப்பதற்கு வேண்டியது சோதனை. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

இதை விளக்க இங்கிலாந்தில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

1999-ம் வருஷம் ஜூலை மாதம் 26-ந் தேதி அதிகாலையில், நார்ஃபோக் ஜில்லாவில் லிங் என்னும் கிராமத்தில், கிரீன்பீஸ் சங்கத்தைச் சேர்ந்த 28 பேர் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு ஒரு மக்காச்சோள வயலில் இறங்கி, அறுக்கும் யந்திரத்தால் பயிரை அறுக்க ஆரம்பித்தார்கள். தலைமை தாங்கினவர் மெல்ச்செட் பிரபு என்னும் லார்டு. பிரபுக்கள் சபைக்காரர், முன்னே மந்திரியாக இருந்தவர், தாமும் அந்த ஜில்லாவில் பண்ணை வைத்திருந்தவர், 2018-ல் காலமானார். அது களைக்கொல்லியைத் தாங்குகிற மரபணு மாற்று மக்காச்சோளம். நிலக்காரர்கள் டிராக்டர் கொண்டுவந்து மறித்தார்கள். போலீசார் வந்து 28 பேரையும் பிடித்தார்கள். லார்டையும் ஜெயிலில் வைத்தார்கள்.

நாரிச் நகரக் கோர்ட்டில் வழக்கு நடந்தது. தாங்கள் அறுத்ததை அவர்கள் இல்லையென்று சொல்லவில்லை. மகரந்தம் காற்றில் பறந்து பக்கத்து வயல்களைக் கெடுக்குமுன் தடுக்கவே அறுத்தோம் என்பதுதான் அவர்களுடைய வாதம். 2000-ம் வருஷம் ஏப்ரலில் திருட்டுக் குற்றம் இல்லையென்று ஜூரிகள் விடுவித்தார்கள். சொத்தை அழித்த குற்றத்தைப் பற்றி ஜூரிகளுக்குள் ஒற்றுமை ஏற்படவில்லை. மறு விசாரணை செய்து, செப்டம்பர் மாதத்தில் அதிலும் குற்றவாளிகள் அல்லவென்று விட்டார்கள். உலகமெங்கும் இது பெரிய வெற்றி என்று கொண்டாடப்பட்டது. ஆனால் ஜூரிகள் சொன்னது என்ன? இவர்கள் தண்டிக்கத்தக்க குற்றம் செய்யவில்லை என்றார்களே ஒழிய, அந்த மக்காச்சோளம் கெட்டது என்று ஜூரிகள் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஜூரிகளால் முடியவும் முடியாது.

அப்படியானால் அதைச் சொன்னது யார்? வயல்கள்தான் சொல்லின. இங்கிலாந்து சர்க்கார் அப்போது ஒரு பெரிய சோதனை நடத்தியது. ஒரே வயலை இரண்டாக வகுத்து, ஒரு பாதியில் மரபணு மாற்றுப் பயிர், மறு பாதியில் சாதாரணப் பயிர். இப்படி ஒவ்வொரு பயிருக்கும் ஏறக்குறைய 60 வயல்கள். களை எத்தனை, களை விதை எத்தனை, வண்டு எத்தனை, தேனீ எத்தனை, வண்ணத்துப்பூச்சி எத்தனை என்று வருஷக்கணக்காக எண்ணினார்கள். எண்ணினவர்கள் கம்பெனி ஆட்களல்ல. பொதுப்பணத்தில் வேலை செய்த ஆராய்ச்சிக்காரர்கள். 2003-ம் வருஷம் அக்டோபர் மாதம் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை எடுக்கும் பீட்டுக் கிழங்கிலும், கடுகினத்தைச் சேர்ந்த ரேப் என்னும் எண்ணெய்ப் பயிரிலும், மரபணு மாற்றுப் பாதியில் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் பறவைகள் தின்னும் களை விதையும் குறைவு என்று தெரிந்தது. மக்காச்சோளத்தில் மாத்திரம் மரபணு மாற்றுப் பாதியே மேலாக இருந்தது. ஆனால் அதை எந்தப் பாதியோடு ஒப்பிட்டார்களோ, அதில் பெரும்பாலும் அடித்தது ஐரோப்பா தடுக்கப்போகிற அட்ரசின் என்னும் கடும் மருந்து என்ற சங்கதியும் கூடவே வெளிவந்தது. 2004 மார்ச்சில் சர்க்கார் நிபந்தனையோடு மக்காச்சோளத்துக்கு மாத்திரம் சம்மதித்தது. அந்த மாதமே கம்பெனி தன் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

இதிலுள்ள வேடிக்கையைப் பார்த்தீர்களா? லிங் கிராமத்தில் அறுத்தெறிந்த வயலும் அந்தப் பெருஞ்சோதனைக்காகப் பயிரிட்ட வயல்களில் ஒன்றுதான். எதிர்ப்பாளர்களின் கையில் மிகப் பலமான ஆயுதத்தைக் கொடுத்தது எது? அவர்கள் அறுத்த வயலல்ல. அறுபடாமல் தப்பி நின்ற வயல்களே கொடுத்தன. நாடெங்கும் எல்லா வயலையும் அறுத்துத் தீர்த்திருந்தால், இன்றைக்கும் ஒருவர் கெடுதி என்பார், ஒருவர் நன்மை என்பார், இருவர் கையிலும் கணக்கு இராது.

இரண்டாவது சம்பவம் 2012-ம் வருஷத்தில் நடந்தது. ராதம்ஸ்டெட் என்பது இங்கிலாந்தின் பழமையான விவசாய ஆராய்ச்சி நிலையம். அங்கே ஒரு கோதுமையை உண்டாக்கினார்கள். அசுவினிப் பூச்சிக்கு ஆபத்து வந்தால் அது ஒரு வாசனையை வெளிவிடும். மற்ற அசுவினிகள் அதை உணர்ந்து ஓடிவிடும். அந்த வாசனையைக் கோதுமைச் செடியே வெளிவிட்டால் பூச்சி அண்டாது, மருந்து வேண்டியதில்லை என்பது திட்டம். பொதுப்பணத்தில் நடந்த வேலை. மே மாதம் 27-ந் தேதி கூட்டமாகப் போய்ப் பிடுங்குவோம் என்று ஒரு கூட்டத்தார் விளம்பரம் செய்தார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் கோபித்துக் கொள்ளவில்லை. "வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம், எங்கள் பல வருஷ வேலையை அழித்துவிடாதீர்கள்" என்று வேண்டுகோள் வெளியிட்டார்கள். அதற்குள் தனி ஆள் ஒருவர் உள்ளே புகுந்து கொஞ்சம் சேதம் செய்தார். 27-ந் தேதி வந்த கூட்டத்தைப் போலீசார் வயலுக்கு அப்பாலேயே நிறுத்திவிட்டார்கள். பயிர் பிழைத்தது.

முடிவு என்னவாயிற்று? 2015-ல் அந்த ஆராய்ச்சிக்காரர்களே முடிவை அச்சிட்டார்கள்: ஆய்வுக்கூடத்தில் பலித்த வித்தை வயலில் பலிக்கவில்லை, அசுவினி குறையவேயில்லை. தங்கள் சரக்கு தோற்றுவிட்டது என்று தாங்களே ஊரறியச் சொன்னார்கள். சொந்தத் தோல்வியைத் தானே அச்சடித்து வெளியிடுகிற யோக்கியதை வேறு எந்த ஸ்தாபனத்துக்கு இருக்கிறது? அந்தக் கோதுமையைப் பிடுங்கியிருந்தால், "பூச்சியை ஒழிக்கும் அற்புதக் கோதுமையை மூடர்கள் அழித்துவிட்டார்கள்" என்று இன்றுவரை பாட்டுப் பாடியிருப்பார்கள். நின்று வளர்ந்ததால் அதன் சாயம் தானே வெளுத்தது.

இதற்கு ஒரு நல்ல ஆட்சேபணை உண்டு. "சோதனை, சோதனை என்கிறாயே, சோதனை வயலிலிருந்தே அது வெளியே கிளம்பிவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். அமெரிக்காவில் ஒரு களைக்கொல்லி தாங்கும் நெல்லைச் சோதனைக்குப் பயிரிட்டு 2001-ம் வருஷத்தோடு நிறுத்திவிட்டார்கள். 2006-ல் பார்த்தால், விற்பனைக்குப் போகிற நீள அரிசியில் அது கலந்திருக்கிறது. வெளிநாடுகள் அமெரிக்க அரிசியை வாங்கத் தயங்கின, விலை விழுந்தது, ஒரு பாவமும் அறியாத விவசாயிகள் நஷ்டப்பட்டார்கள். கடைசியில் 2011-ம் வருஷத்தில் பேயர் கம்பெனி 75 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. ஆகவே கண்ட இடத்தில், கட்டுக்காவல் இல்லாமல், நஷ்டத்துக்கு ஜவாப்தாரி இல்லாமல் நடத்துவதைச் சோதனை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெளியே போனதைத் திருப்பி அழைக்க முடியாதென்றால், வெளியே விடுமுன் பத்துத் தடவை கேட்கவேண்டியது நம் கடமை.

அப்படிக் கேட்டே வெற்றி பெற்றதற்கும் நம் தேசத்திலேயே திருஷ்டாந்தம் இருக்கிறது. பி.டி. கத்தரியின் பரிசோதனை விவரங்களைக் கம்பெனியும் இலாகாவும் பூட்டி வைத்திருந்தன. தகவல் உரிமைச் சட்டத்தைக்கொண்டு கேட்டும், கோர்ட்டில் வழக்காடியும், அந்தக் காகிதங்களை வெளியே கொண்டுவரச் செய்தார்கள். 2009-ம் வருஷம் அக்டோபர் மாதம் நிபுணர் கமிட்டி சரி என்று சொல்லிவிட்ட பிறகும், அப்போது மந்திரியாயிருந்த ஜெயராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொது விசாரணை வைத்தார். விவசாயியும், விஞ்ஞானியும், வைத்தியரும், கம்பெனி ஆளும் ஒரே மண்டபத்தில் ஒருவர்மேல் ஒருவர் கத்தினார்கள். கத்தினாலும் பேசினார்கள். 2010-ம் வருஷம் பிப்ரவரி 9-ந் தேதி, போதுமான சோதனையும் ஜனங்களின் நம்பிக்கையும் ஏற்படும்வரை நிறுத்திவைப்பதாக உத்தரவு போட்டார். பூட்டை உடைத்த காரியம்தான் அங்கே பலித்தது. பக்கத்துப் பங்களாதேசம் 2013-ல் அதே கத்தரிக்கு அனுமதி கொடுத்து, அடுத்த வருஷத்திலிருந்து பயிர் செய்கிறது. அங்கே என்ன பலன் கண்டார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொள்வதும் நம் வேலைதான். எதிர்க்கட்சிச் சாட்சி என்று காதைப் பொத்திக் கொள்வது பகுத்தறிவல்ல.

ஆகவே, நாளைக்கு உங்கள் ஊருக்கு இப்படி ஒரு சோதனைப் பயிர் வந்தால் என்ன செய்வது? முதலில் கேளுங்கள். என்ன விதை? எந்த மரபணு? எந்தத் தேதி அனுமதி? பக்கத்து வயலுக்கும் இதற்கும் எத்தனை அடி தூரம்? பூத்தால் மகரந்தத்துக்கு என்ன காவல்? அடுத்தவன் பயிரில் கலந்தால் நஷ்டம் யார் கொடுப்பது? முடிவை யார் கணக்கெடுப்பது, தோற்றாலும் அச்சிடுவார்களா? இவற்றைக் கிராம சபையில் எழுத்தில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். நேராகப் பதில் சொன்னால், சோதனை நடக்கட்டும், நீங்களும் வரப்பில் நின்று கணக்கெடுங்கள். அந்தக் கணக்கு உங்கள் பிள்ளைகளுக்குச் சொத்து.

பதில் சொல்லாமல் மறைத்தால்? கேட்டும், மனுப்போட்டும், கோர்ட்டுக்குப் போயும் பயனில்லாமல், திருப்பி அழைக்க முடியாத கெடுதி கண்ணெதிரே பூத்து நிற்குமானால்? அப்போது சட்டத்தை மீறுவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதை மனிதனுக்குரிய முறையில் செய்ய வேண்டும். இருட்டில் முகத்தை மூடிக்கொண்டு செய்வது கிளர்ச்சியல்ல, கொள்ளை. பகலில், சொந்தப் பெயரைச் சொல்லி, ஒருவர் மேலும் கை வைக்காமல், ஏழை நிலக்காரனின் நஷ்டத்தை ஈடு செய்து, தண்டனையை ஓடாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். அன்றியும் எதைப் பிடுங்குகிறோம் என்று தெரிந்து பிடுங்க வேண்டும். மறைப்பையும் ஏகபோகத்தையும் பிடுங்க வேண்டும், அறிவைப் பிடுங்கக்கூடாது. இவ்வளவும் செய்து ஜெயிலுக்குப் போனாலும், "நான் ஜெயிலுக்குப் போனேன், ஆகவே நான் சொன்னதே மெய்" என்று மாத்திரம் சொல்லாதீர்கள்.

கம்பெனியைக் கும்பிடவும் வேண்டாம், காட்டைக் கும்பிடவும் வேண்டாம். விதை ஒரு பொருள். அதைச் செய்தவனும் மனிதன், விதைக்கிறவனும் மனிதன். மனிதன் செய்ததை மனிதன் கேள்வி கேட்கலாம், சோதிக்கலாம், நல்லதை வைத்துக்கொள்ளலாம், கெட்டதைத் தள்ளலாம். நான் சொன்னதையும் அப்படியே நம்பாமல், வீட்டுக்குப் போய் உங்கள் புத்தியில் போட்டு உரைத்துப் பாருங்கள். தவறு என்று பட்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.